கரிமூட்டப் புகைக்கும் வயதாகும்

காரைக்குடியிலிருந்து காளையார்கோவில் பக்கம் வண்டியில் போனால் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டிருப்பதைப் பார்க்கலாம். விறகை நெருக்கி அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்து நாள்கணக்கில் புகைய விடுவார்கள். பக்கத்தில் நின்றால் கண் எரியும், தொண்டையைப் பிடிக்கும். அதே புகை காற்றோடு போய் ஏழெட்டு மைல் தள்ளியிருக்கும் ஊரில் இறங்கும்போது அதே புகையாக இருக்காது. வாடை மாறியிருக்கும், உள்ளே இருக்கும் வேதிப்பொருள்களும் மாறியிருக்கும். சிலது அழிந்து போயிருக்கும். மூட்டத்தை விட்டுக் கிளம்பும்போது இல்லவே இல்லாத சிலது வழியில் பிறந்திருக்கும்.

இது எப்படித் தெரியும்? புகையின் பின்னாலேயே ஓடிப் பார்க்க முடியாது. விமானத்தில் கருவிகளை ஏற்றிக்கொண்டு காட்டுத்தீப் புகையைத் துரத்துகிறவர்கள் இருக்கிறார்கள், வாஸ்தவம்தான். ஆனால் போகிற வழியில் லாரிப் புகை கலக்கும், செங்கல் சூளைப் புகை கலக்கும், வயலில் போட்ட யூரியாவிலிருந்து எழும் அம்மோனியா கலக்கும், மேலேயிருந்து நல்ல காற்று இறங்கி எல்லாவற்றையும் நீர்க்கச் செய்யும். கடைசியில் ஒரு மாற்றம் தெரிந்தாலும் அது எதனால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால் விஞ்ஞானிகள் இன்னொரு வழியையும் பிடித்தார்கள். நல்ல காற்றை ஒரு பெரிய அறையில் அடைத்து, வேண்டியதை மட்டும் வேண்டிய அளவில் உள்ளே விட்டு, வெயில் காட்டி, என்ன ஆகிறது என்று மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது. ஆய்வுக்கூடங்களில் இதை ஸ்மாக் சேம்பர் என்கிறார்கள். நாம் சோதனை அறை என்றே வைத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஏரோசால் பற்றிக் கொஞ்சம். காற்றில் மிதக்கிற திடத் துகள்களையும் திரவத் துளிகளையும் சேர்த்து அப்படிச் சொல்கிறார்கள். நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. தொண்டிக் கடற்கரையிலிருந்து காற்று கொண்டுவரும் உப்பு, கோடையில் கிளம்பும் செம்மண் புழுதி, டீசல் கரி, சாம்பிராணிப் புகை, கடுகு தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை எல்லாமே ஏரோசால்தான். செய்தியில் அடிக்கடி வரும் பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் விட்டமுள்ள துகள்களின் எடை. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர். இந்தியாவில் இதற்கு ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவோ வெறும் 5.

துகள் பெரிதாக இருந்தால் சீக்கிரம் தரையில் விழுந்துவிடும். மிகவும் சின்னதாக இருந்தால் இன்னொன்றில் மோதி ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருப்பவைதான் சிக்கல். 0.1 முதல் 1 மைக்ரோமீட்டர் வரை உள்ளவை விழவும் மாட்டா, எளிதில் ஒட்டவும் மாட்டா. மழை வந்து கழுவும்வரை நாள்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தத் துகள்களில் ஒரு பங்குதான் புகைபோக்கியிலிருந்தோ அடுப்பிலிருந்தோ துகளாகவே வெளியே வருகிறது. மற்றது வாயுவாக வந்து, காற்றில் வேதிவினை நடந்து, பிறகு துகளாகிறது. அனல்மின் நிலையம் சல்ஃபர் டை ஆக்சைடை வாயுவாகத்தான் வெளியே விடுகிறது. அது காற்றில் கந்தக அமிலமாகி, அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட் துகளாகிறது. புகைபோக்கியின் வாயில் எவ்வளவு நல்ல வடிகட்டி வைத்துத் துகளைப் பிடித்தாலும், வாயுவாகத் தப்பித்து அப்புறம் துகளாகிறதை அந்த வடிகட்டி பிடிக்காது. காற்று மாசு என்றால் யாரோ எங்கேயோ கொட்டிய குப்பை என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதில் பெரிய பங்கு காற்றிலேயே சமைக்கப்படுகிறது. சோதனை அறை என்று ஒன்று தேவைப்பட்டதே இதைக் கண்டுபிடிக்கத்தான்.

கதை லாஸ் ஏஞ்சலஸில் தொடங்குகிறது. 1943 ஜூலையில் அந்த ஊரைக் கண்ணெரிய வைக்கும் ஒரு மூட்டம் சூழ்ந்தது. போர்க்காலம் என்பதால் எதிரி விஷவாயு போட்டுவிட்டானோ என்றுகூடச் சிலர் பயந்தார்கள். லண்டனில் அப்போது தெரிந்த புகைமூட்டம் வேறு மாதிரி. குளிர்காலம், நிலக்கரி, கந்தகம், ஈரம். 1952 டிசம்பரில் ஐந்தே நாளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது அதுதான். லாஸ் ஏஞ்சலஸிலோ வெயில் ஏற ஏற மூட்டம் கூடியது. கீரைப் பயிர்களின் இலைகள் வெந்ததுபோல ஆயின. ரப்பர் சாமான்கள் மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் வெடித்துப் பிளந்தன.

கால்டெக் என்று சொல்கிற கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆரி ஹாகன்ஸ்மிட் என்று ஒரு வேதியியலாளர் இருந்தார். பிறப்பால் டச்சுக்காரர். அன்னாசிப் பழத்தின் வாசனைக்கு எந்தெந்தப் பொருள் காரணம் என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். அந்த வாசனை வேலைக்கு வைத்திருந்த சாமான்களைக் கொண்டே ஊர்க் காற்றை உறையவைத்துப் பிரித்துப் பார்த்தார். அப்புறம் அவர் செய்ததுதான் நமக்கு முக்கியம். பெட்ரோல் ஆவியையும் நைட்ரஜன் ஆக்சைடையும் ஓர் அடைத்த கலத்தில் சேர்த்து வெளிச்சத்தில் வைத்தார். தனித்தனியாக இருந்தபோது செய்யாததை இரண்டும் சேர்ந்து வெளிச்சத்தில் செய்தன. உள்ளே ஓசோன் உண்டானது. செடியை வைத்தால் வயலில் கண்ட அதே சேதம் இலையில் வந்தது. வளைத்து வைத்த ரப்பர்த் துண்டில் விரிசல் விட்டது. விரிசல் விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்பதை வைத்தே ஓசோனின் அளவைக் கணித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை, ஒரு ரப்பர்த் துண்டும் கடிகாரமும்தான்.

1952இல் அவர் இதை விளக்கமாக எழுதினார். எண்ணெய்க் கம்பெனிகளின் பணத்தில் வேலை செய்த ஆராய்ச்சியாளர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கார்க் கம்பெனிகளும் லேசில் இறங்கி வரவில்லை. ஆனால் அடைத்த கலத்தில் யார் செய்தாலும் அதே ஓசோன் வந்தது. ஊர்க் காற்றை வைத்து எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடலாம், அதில் ஆயிரம் சமாச்சாரம் கலந்திருக்கிறது. கலத்துக்குள் போட்டது இரண்டே பொருள் என்னும்போது தப்பிக்க இடமில்லை. பின்னாளில் கார்களில் புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்ததற்கு வேர் இங்கே இருக்கிறது.

சரி, இன்றைய அறைகள் எப்படி இருக்கும்? ஸ்பெயினில் வலென்சியா அருகே யூஃபோர் என்று இரண்டு அரைக்கோளக் கூடங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் சுமார் 200 கன மீட்டர். ஜெர்மனியின் யூலிஷ் நகரில் சஃபீர் என்ற படுக்கை உருளை 270 கன மீட்டர். இரண்டும் ஊடுருவித் தெரியும் டெஃப்ளான் படலத்தால் ஆனவை. தோசைக்கல்லில் பூசுகிற அதே டெஃப்ளான் குடும்பம்தான். புற ஊதாக் கதிரை உள்ளே விடும், எந்த வேதிப்பொருளோடும் சண்டைக்குப் போகாது. அதனால் இதைத் தேர்ந்தெடுத்தார்கள். சஃபீரில் படலம் இரட்டைச் சுவர். நடுவில் சுத்தமான நைட்ரஜனை ஓடவிட்டு, உள்ளே வெளிக் காற்றைவிட அழுத்தத்தை ஒரு பொட்டுக் கூடுதலாக வைத்திருப்பார்கள். எங்காவது ஓட்டை இருந்தாலும் உள்காற்று வெளியே போகுமே தவிர, ஊர்க்காற்று உள்ளே வராது. உள்ளே நிரப்புவதும் ஊர்க்காற்று அல்ல, திரவ நைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் ஆவியாக்கிக் கலந்த காற்று.

ஜெர்மனியிலேயே கார்ல்ஸ்ரூவில் இருக்கும் ஐடா 84 கன மீட்டர் அலுமினியக் கலம். வெப்பநிலையை மைனஸ் 90 டிகிரி வரை இறக்கி, பம்பு வைத்து அழுத்தத்தைக் குறைத்து உள்ளேயே மேகம் உண்டாக்குவார்கள்.

இத்தனை பெரிதாக எதற்குக் கட்ட வேண்டும், ஒரு ட்ரம் போதாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டால் பதில் வந்துவிடும். பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள பெட்டி என்றால் காற்று 1 கன மீட்டர், சுவர் 6 சதுர மீட்டர். பக்கத்துக்கு 6 மீட்டர் என்றால் காற்று 216 கன மீட்டர், சுவரும் 216 சதுர மீட்டர். அதாவது சின்னப் பெட்டியில் ஒவ்வொரு கன மீட்டர் காற்றுக்கும் 6 சதுர மீட்டர் சுவர் இருக்கிறது, பெரியதில் 1 சதுர மீட்டர்தான். வானத்துக்குச் சுவரே கிடையாது. அறை பெரிதாகப் பெரிதாக வானத்தை நோக்கி ஓர் அடி எடுத்து வைக்கிறோம். சுவர் செய்கிற கோளாறைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், கட்டுரையிலேயே முக்கியமான பகுதி அது.

ஒரு நாள் சோதனையை எடுத்துக்கொள்வோம். வேலை முந்தின இரவே ஆரம்பித்துவிடும். இரவு முழுக்கச் சுத்தமான காற்றை விட்டு அறையை அலசுவார்கள். காலையில் துகள் எண்ணும் கருவி கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் மறுபடியும் அலசல். பிறகு நீராவி விட்டு ஈரப்பதம் ஏற்றுவார்கள். அம்மோனியம் சல்ஃபேட் கரைசலைத் தெளித்து உலர்த்தி விதைத் துகள்களாக உள்ளே விடுவதும் உண்டு. உருவாகப் போகும் ஆவி போய்ப் படிய ஓர் இடம் வேண்டும், அதற்குத்தான். அடுத்தது சோதனைப் பொருள். ஆல்ஃபா பைனீன் என்று வைத்துக்கொள்ளுங்கள், டர்பன்டைனின் மணத்துக்குக் காரணமான பொருள். சில மைக்ரோலிட்டர் போதும், சூடான கண்ணாடிக் குழாயில் சொட்டினால் ஆவியாகி உள்ளே போய்விடும். கூடவே நூறு கோடிப் பங்கில் சில பங்கு நைட்ரஜன் ஆக்சைடு. விசிறி ஓட, எல்லாம் இருட்டில் கலக்கும்.

அப்புறம் படலத்தின் மேல் வெயில் படாமல் மூடியிருக்கும் வெளிக்கூரையைத் திறப்பார்கள். அங்கிருந்துதான் விளையாட்டு.

வெயில் பட்டதும் நைட்ரஜன் டை ஆக்சைடு உடைந்து ஓர் ஆக்சிஜன் அணு விடுபடுகிறது. அது ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்தால் ஓசோன். அதே வெளிச்சத்தில் ஹைட்ராக்சில் என்று ஒன்று பிறக்கிறது. ஓர் ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன், அவ்வளவே. பகல் காற்றில் சுமார் பத்து லட்சம் கோடி மூலக்கூறுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும், ஒரு நொடிகூட உயிரோடு இருக்காது. ஆனால் அதன் கையில் சிக்கினது எதுவும் தப்பாது. காற்றில் கலக்கும் பெரும்பாலான வாயுக்களைக் கரைத்துத் தீர்ப்பது இதுதான். பைனீனையும் பிடித்துக் கடிக்கிறது. ஓசோனும் சேர்ந்துகொள்கிறது. கடிபட்ட மூலக்கூறில் ஆக்சிஜன் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகிறது. ஆக்சிஜன் ஏற ஏற அதற்கு ஆவியாக இருக்கும் தெம்பு குறைகிறது. ஒரு கட்டத்தில் வாயுவாக நிற்க முடியாமல் பக்கத்தில் இருக்கும் துகளில் போய்ப் படிந்துவிடுகிறது. திரையில் பைனீனின் கோடு இறங்கிக்கொண்டே வரும், துகள்களின் எடை ஏறிக்கொண்டே போகும்.

துகளைப் பார்ப்பது எப்படி என்பதே தனிக் கலை. சில நானோமீட்டர் துகளை எந்த வெளிச்சத்திலும் பார்க்க முடியாது. அதனால் பியூட்டனால் ஆவிக்குள் அனுப்பி, துகளின் மேல் ஆவி படிந்து அது பெரிய துளியாக வளர்ந்ததும் லேசரில் ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். ஸ்காட்லாந்துக்காரர் ஜான் எய்ட்கன் 1880களிலேயே நீராவியை வைத்து இதே வித்தையைச் செய்து, வந்து விழும் துளிகளைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினார். அளவு வாரியாகப் பிரிக்க, துகளுக்கு மின்னூட்டம் ஏற்றி மின்புலத்தில் இழுப்பார்கள். சின்னது சட்டென்று நகரும், பெரியது மெதுவாக நகரும்.

கடைசியில் கையில் கிடைப்பது ஓர் எண். உதாரணத்துக்கு, 100 மைக்ரோகிராம் பைனீன் தீர்ந்து 15 மைக்ரோகிராம் துகள் வந்தது என்றால் விளைச்சல் 15 சதவீதம். இந்த எண் நிலையானது இல்லை என்பதுதான் சுவாரசியம். உள்ளே ஏற்கெனவே கரிமத் துகள் நிறைய இருந்தால், அரைகுறையாக ஆவியாகும் பொருள்களுக்குப் போய் ஒண்ட இடம் கிடைக்கும், விளைச்சல் கூடும். நைட்ரிக் ஆக்சைடு அதிகம் இருந்தால் வினை வேறு பாதையில் போய் வேறு பொருளில் முடியும். அதே பைனீன்தான், ஆனால் அழுக்குக் காற்றில் ஒரு கதை, சுத்தக் காற்றில் வேறு கதை.

நம் ஊரில் இதைப் பேச வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது. காரைக்குடி, அறந்தாங்கி, புதுக்கோட்டை வட்டாரம் முழுக்கத் தைலமரக்காடு. வெயில் நேரத்தில் அந்தப் பக்கம் போனால் மூக்கில் ஏறும் வாசனை சினியோல், பைனீன், லிமோனீன் முதலியவை. வாசனையால் நாம் கவனிக்காத ஐசோப்ரீனையும் தைலமரம் ஏராளமாக விடுகிறது. மரங்கள் விடும் ஆவிதான் தூரத்து மலைகளின் மேல் தெரியும் நீலப் பனிப்படலத்துக்குக் காரணம் என்று ஃப்ரிட்ஸ் வென்ட் 1960இல் எழுதினார். இவரும் டச்சுக்காரர், இவரும் கால்டெக்கில் இருந்தவர், தாவரவியல்காரர். அன்று அது ஊகம். பின்னால் சோதனை அறைகளில் பைனீனையும் ஐசோப்ரீனையும் விட்டுப் பார்த்தபோதுதான் எவ்வளவு துகள் எப்படி உண்டாகிறது என்று தெரிய வந்தது. சஃபீரில் செடிகளை வளர்க்கத் தனி அறை கட்டி, அவை விடும் ஆவியைக் குழாய் வழியே பெரிய அறைக்குக் கொண்டுபோகிறார்கள்.

உடனே மரம்தான் காற்றைக் கெடுக்கிறது என்று கிளம்பிவிடக் கூடாது. மேலே சொன்ன விளைச்சல் கணக்கைப் பாருங்கள். மர ஆவி துகளாவதை நம் வண்டியும் அனல்மின் நிலையமும் விடுகிற நைட்ரஜன் ஆக்சைடும் சல்ஃபர் டை ஆக்சைடும்தான் பெருமளவு மாற்றுகின்றன. தைலமரத்தின் மேல் நிலத்தடி நீர் சம்பந்தமான வழக்கு இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு, அது வேறு விஷயம்.

வீட்டுக்குள்ளும் இதே வேதியியல் நடக்கிறது. எலுமிச்சை வாசனை வருகிற தரை துடைக்கும் திரவத்தில் பெரும்பாலும் இருப்பது லிமோனீன். வெளியேயிருந்து ஓசோன் உள்ளே வந்தால் இரண்டும் சேர்ந்து நுண்துகளை உண்டாக்கும் என்று சோதனை அறைகளில் பலமுறை பார்த்திருக்கிறார்கள். வாசனை வந்தால் வீடு சுத்தம் என்ற கணக்கு முழுக்கச் சரியில்லை.

இனிச் சுவருக்கு வருவோம். அறைக்குள் நடக்கிற எல்லாவற்றுக்கும் சுவர் ஒரு பங்காளி. கேட்காமலே வந்து பங்கு பிரிக்கும். துகள்கள் மெல்ல மெல்லச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். டெஃப்ளானில் நிலைமின்சாரம் எளிதில் ஏறும், அப்போது ஒட்டுவது இன்னும் வேகமாகும். இதைச் சரிக்கட்ட ஒரு வழி இருக்கிறது. வினை எதுவும் நடக்காத உப்புத் துகளை மட்டும் விட்டு, மணிக்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அந்த இழப்பைக் கணக்கில் கூட்டிக்கொள்வார்கள். துகளின் கதை இதோடு தீர்ந்தது என்றே வெகுகாலம் நினைத்தார்கள்.

துகளாக மாறுவதற்கு முன்பு, ஆவியாக இருக்கும்போதே பொருள்கள் சுவரில் போய்ப் படிகின்றன. 2014இல் கால்டெக் குழு இதை அளந்து காட்டியது. சில நிலைமைகளில் பழைய விளைச்சல் எண்கள் நிஜ விளைச்சலில் நான்கில் ஒரு பங்கைத்தான் காட்டியிருக்கக்கூடும் என்று சொன்னார்கள். அந்த எண்களை வைத்துத்தான் உலகமெங்கும் கணினி மாதிரிகள் ஊர் ஊராகத் துகளைக் கணித்துக்கொண்டிருந்தன. மாதிரிகள் சொன்னதைவிட வெளியே கரிமத் துகள் அதிகமாகவே இருக்கிறதே என்று ஏற்கெனவே தலையைச் சொறிந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. விதைத் துகளை நிறையப் போட்டால் ஆவிக்குச் சுவரைவிடத் துகள் அருகில் இருக்கும், இழப்பு குறையும். அதனால் இன்று விதையின் அளவை மாற்றி மாற்றிச் சோதனை செய்கிறார்கள்.

சுவர் எடுத்துக்கொள்வதோடு நிற்பதும் இல்லை, கொடுக்கவும் செய்யும். வெயில் படும்போது சுவரிலிருந்து நைட்ரஸ் அமிலம் கசிகிறது. அது உடைந்தால் ஹைட்ராக்சில். யாரும் உள்ளே விடாமலே வினை சூடுபிடிக்கும். போன வாரம் படிந்த பொருள் இந்த வாரச் சோதனையில் வந்து தலைகாட்டுவதும் உண்டு. அதனால்தான் ஒன்றுமே போடாமல், வெறும் காற்றை வைத்து நாள் முழுக்க ஓட்டும் சோதனைகள் இருக்கின்றன. அலுப்பூட்டும் வேலை. அதைச் செய்யாத அறையின் முடிவை நான் நம்பமாட்டேன்.

இந்த விஷயத்தில் நம் ஊர்க்காரர்களுக்குப் புரியும்படி சொல்ல ஓர் உதாரணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், நாம் சிக்ரி என்று சொல்கிறது, காரைக்குடியில்தான் இருக்கிறது. அங்கே உலோகம் துருப்பிடிப்பது பெரிய ஆராய்ச்சித் துறை. அந்தத் துறையில் உலகமெங்கும் புழங்குகிற ஒரு பெட்டி உண்டு, உப்புத் தெளிப்புப் பெட்டி. 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரியில் பனிபோலத் தெளித்து, உள்ளே வைத்த இரும்புத் தகடு எத்தனை மணியில் துருப்பிடிக்கிறது என்று பார்ப்பது. கடல் காற்றின் ஏரோசாலை ஒரு பெட்டிக்குள் செய்து வைப்பதுதான் இது. நம் சோதனை அறைக்குத் தம்பி முறை.

ஆனால் பெட்டியில் 500 மணி தாங்கிய பெயின்ட் ராமேஸ்வரத்தில் எத்தனை வருடம் தாங்கும் என்று கேட்டால் துருத் துறைக்காரர் யாரும் நேரடியாகப் பதில் சொல்ல மாட்டார். வெளியே இரவில் ஈரம், பகலில் காய்ச்சல், நடுவே மழை வந்து உப்பைக் கழுவும், வெயில் பெயின்ட்டைத் தின்னும். பெட்டியில் இவை எதுவும் இல்லை, ஓயாத உப்பு ஒன்றுதான். அதனால்தான் சிக்ரி மண்டபத்தில் கடலோரமாகவே ஒரு நிலையம் வைத்து, தகடுகளை நிஜக் கடல் காற்றில் வருடக்கணக்கில் நிறுத்தி வைக்கிறது. எந்தப் பூச்சு எதைவிட மேல், எது முதலில் தோற்கிறது என்று காட்ட பெட்டி போதும். நிஜத்தில் எவ்வளவு காலம் என்பதற்கு மண்டபம் போக வேண்டும். காற்று மாசிலும் இதே பங்கீடுதான். அறை காரணத்தைச் சொல்லும். அளவைச் சொல்ல ஊரில் கருவி வைத்துத்தான் தீர வேண்டும்.

இதற்கு நல்ல சாட்சி டெல்லியில் கிடைத்தது. டெல்லிக் குளிர்காலப் புகைமூட்டத்தில் குளோரைடு ஏன் அத்தனை அதிகம் என்ற கேள்விக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸின் சச்சின் குந்தே குழு 2021இல் பதில் சொன்னது. பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் சில தொழிற்சாலைகளாலும் வரும் ஹைட்ரஜன் குளோரைடு, அம்மோனியாவோடு சேர்ந்து துகளில் அம்மோனியம் குளோரைடாகிறது, அது ஈரத்தை இழுத்துத் துகளை ஊத வைக்கிறது, பார்வை மறைகிறது. இதை அவர்கள் ஊருக்குள் அளந்து கண்டுபிடித்தார்கள். டெல்லி அளவுக்கு அம்மோனியாவும் குளோரினும் ஒன்றாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றி அறைக்குள் போட்டிருப்பார்கள்? போடாததை அறை ஒருநாளும் காட்டாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. காற்றில் துகளே இல்லாத இடத்தில் முதல் துகள் எப்படிப் பிறக்கிறது என்ற கேள்வியை வெளியே வைத்துத் தீர்க்கவே முடியாது. ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வகத்தில் க்ளவுட் என்ற 26 கன மீட்டர் எஃகுக் கலம் 2009இலிருந்து இதற்காக ஓடுகிறது. அணுத்துகள்களை மோதவிடும் இடத்தில் இதற்கு என்ன வேலை என்றால், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் துகள் பிறப்பதற்கு உதவுகிறதா என்று பார்க்க அங்கிருந்து ஒரு கற்றையைக் கலத்துக்குள் செலுத்த முடியும். கந்தக அமிலமும் அம்மோனியாவும் மட்டுமே தரைமட்டக் காற்றில் துகள் பிறப்பதை விளக்கப் போதாது என்று 2011இல் தெரிந்தது. அம்மோனியாவுக்கு உறவான அமீன்கள் என்ற வாயுக்கள் துளியூண்டு சேர்ந்தால் பிறப்பு பல மடங்கு கூடும் என்று 2013இல் தெரிந்தது. கந்தக அமிலமே இல்லாமல் மர ஆவியிலிருந்து மட்டுமே துகள் பிறக்கும் என்று 2016இல் தெரிந்தது. தொழிற்சாலைகள் வருவதற்கு முன் வானம் எவ்வளவு மேகமாக இருந்தது என்ற கணக்கையே இது தொடுகிறது. இத்தனைக்கும் கலத்தில் அழுக்கு துளி இருந்தாலும் சோதனை போச்சு. துகள் பிறந்து வளர்வதைக் காட்டும் வரைபடம் வளைந்து மேலே ஏறும், அதை இந்தத் துறையில் வாழைப்பழம் என்றே சொல்கிறார்கள்.

கரிமூட்டத்துக்குத் திரும்புவோம். விறகுப் புகையை அறைக்குள் விட்டு வெயில் காட்டும் சோதனைகள் நிறைய நடந்திருக்கின்றன. அமெரிக்காவில் மிசூலாவில் காட்டுத்தீ ஆய்வுக்கூடத்தில் ஒரு கட்டடமே எரிப்பதற்காக இருக்கிறது. 2016இல் அங்கே பெரிய அளவில் பலவகை விறகையும் சருகையும் எரித்துப் புகையைப் படித்தார்கள். இந்த மாதிரிச் சோதனைகளிலிருந்து சில விஷயங்கள் தெளிவாகியிருக்கின்றன. மரம் எரிந்தது என்பதற்கு அடையாளமாக லெவோகுளுக்கோசான் என்ற பொருளைத் தேடுவது வழக்கம். வெயிலில் ஹைட்ராக்சில் அதைத் தின்றுவிடும். ஆகவே தூரத்து ஊரில் அது குறைவாக இருந்தால் விறகுப் புகையே வரவில்லை என்று முடிவு கட்ட முடியாது. இரவில் ஹைட்ராக்சிலுக்குப் பதில் நைட்ரேட் ராடிக்கல் என்ற வேறு ஆள் காவலுக்கு வருகிறார். மரப்புகையில் உள்ள ஃபீனால் வகைகளை அது பிடித்துப் பழுப்பு நிறப் பொருள்களாக மாற்றுகிறது. நம் மூட்டங்கள் இரவு பகலாகப் புகைவதால் இரண்டு கணக்கும் நமக்கு வேண்டும்.

புகைக்கு வயதானால் துகள் எடை கூடுமா என்று கேட்டால்தான் மழுப்ப வேண்டியிருக்கிறது. சில எரிப்புகளில் இரண்டு மடங்காகியிருக்கிறது, சிலதில் அசையவே இல்லை. என்ன விறகு, ஈரம் எவ்வளவு, சுடர்விட்டு எரிந்ததா புகைந்துகொண்டே இருந்ததா என்பதைப் பொறுத்தது. கரிமூட்டமோ காற்றை அடைத்து வேண்டுமென்றே புகைய விடுவது. பாதி எரிந்த ஆவிகள் அதில் அதிகம். வழியில் துகளாக மாறக்கூடிய சரக்கும் அதனால் அதிகம். மூட்டத்தின் வாயில் கருவி வைத்து எடுத்த எண்ணை மட்டும் வைத்து இதன் பாதிப்பைக் கணக்கிட்டால் குறைத்துத்தான் மதிப்போம் என்பது என் எண்ணம்.

வீட்டையே சோதனை அறையாக்கியவர்களும் உண்டு. 2018இல் அமெரிக்காவின் ஆஸ்டினில், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு வீடு ஒன்றில், ஹோம்கெம் என்ற பெயரில் பல குழுக்கள் கருவிகளோடு போய்ச் சமைத்தார்கள், துடைத்தார்கள், ஒரு விருந்துநாள் சமையல் முழுவதையும் செய்து பார்த்தார்கள். சமையலின்போது துகள் ஏறுவது எதிர்பார்த்ததுதான். வீட்டின் சுவரும் தரையும் ஆவியை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு மறுபடி மூடியதும் திரும்ப வெளியே விடுவதுதான் ஆச்சரியம். டெஃப்ளான் அறையில் தொல்லை கொடுத்த அதே சுவர்க் கணக்கு.

இதை நம் பழைய செட்டிநாட்டு வீட்டில் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆஸ்டின் வீடு மூடிய பெட்டி. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உள்ள வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே நேர்க்கோட்டில் வாசல்கள், நடுவே வானம் பார்த்த வளவு, கடைசிக் கட்டில் அடுப்படி. சுண்ணாம்புச் சுவர் ஆவியை எவ்வளவு பிடித்துக்கொள்ளும்? காரத்தன்மை உள்ளது என்பதால் அமில வாயுக்களை இழுக்கும், அது வேதியியல். கல்யாணத்துக்கு ஆச்சிமார் அதிரசமும் மனகோலமும் சுடும் நாளில் பின்கட்டிலிருந்து வளவுக்கு எத்தனை நிமிடத்தில் புகை வருகிறது, மேலே போகிறதா, முகப்புவரை வந்துவிடுகிறதா?

கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இதில் இறங்குவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடையில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பி.எம். 2.5 சென்சார் லேசர் ஒளி சிதறுவதை வைத்து வேலை செய்கிறது. சுமார் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. வளவுக்கும் அடுப்படிக்கும் வித்தியாசம் காட்டும், எந்த நேரத்தில் ஏறியது என்று காட்டும், அந்த அளவுக்கு உருப்படியான சாமான். ஆனால் காய்ந்த எண்ணெயிலிருந்து கிளம்பும் துகள்களில் எண்ணிக்கையில் பெரும்பகுதி 0.1 மைக்ரோமீட்டருக்கும் சின்னது. அவற்றைப் பிடிக்க மேலே சொன்ன பியூட்டனால் கருவிதான் வேண்டும், அது பல லட்ச ரூபாய் சமாச்சாரம், ஏதாவது ஆய்வகத்திடம் இரவல் கேட்டால்தான் உண்டு.